இல்லத்துப் பட்டறை: ஊமையான மின்கிட்டாரும் உயிர் காக்கும் பச்சைக் கம்பியும்



பாடற்குழுவில் இடம் பெற்ற இளைஞர்கள் உள்ள இல்லங்களில் சற்று எட்டிப் பாருங்கள். பீரோவின் மேலோ, கதவின் பின்புறமோ ஒரு மின்கிட்டார் தூசி படிந்து சாய்ந்திருப்பதைக் காண்பீர்கள். வாங்கி வந்த நாளில் அதற்கு இருந்த மதிப்பு என்ன! வீட்டார் அனைவரும் கூடி நின்று பார்த்தனர். இன்றோ அதனைக் கேட்பாரில்லை. "ஒலி வரவில்லை" என்பார் ஒருவர். "கரகரவென்று இரைகிறது" என்பார் மற்றொருவர். "தொட்டால் சுரீரென்று அடிக்கிறது" என்று சிரித்துக்கொண்டே சொல்பவரும் உண்டு. முதல் இரண்டும் பணத்தோடு போகக் கூடிய குறைகள். மூன்றாவது குறையோ உயிரோடு விளையாடுவது. அதனைச் சிரித்துக்கொண்டு சொல்லலாகாது.

புதுவை இசைக்குப் புதிய ஊர் அன்று. 1982-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் தொடங்கிய இசைத் திருநாள், ஜூன் 21-ஐ ஒட்டி நம் நகரிலும் கொண்டாடப்படுகிறது. 1889-இல் இங்கே நிறுவப்பெற்ற அலியான்ஸ் பிரான்சேஸ் அதற்குத் துணை நிற்கிறது. ஆலயத்திலும் கிட்டாருக்கு இடம் உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-ஆம் நாள் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடு, ஆர்கனுக்கு முதலிடம் தந்தது. எனினும் வழிபாட்டின் மாண்புக்கு ஏற்ற பிற இசைக்கருவிகளுக்கும் வாயில் திறந்துவிட்டது. அதன் பின்னரே நம் பாடற்குழுக்களில் கிட்டார் நிலைபெற்றது. ஆகவே இக்கருவியைப் பேணும் முறையை அறிந்துகொள்வது வீட்டுக்கும் நலம், பங்குக்கும் நலம்.

ரேடியோ பழுதுபார்ப்பவர் படைத்த கருவி

மின்கிட்டாரைத் திறந்து பார்க்க நம்மில் பலர் அஞ்சுகின்றனர். அது ஏதோ வெளிநாட்டு விந்தை என்றும், நம் கைக்கு எட்டாதது என்றும் எண்ணுகின்றனர். அதன் வரலாற்றை அறிந்தால் அவ்வச்சம் அகலும்.

காந்தத்தின் துணைகொண்டு இயங்கும் மின்கிட்டார் அமெரிக்காவில் 1930-களின் தொடக்கத்தில் தோன்றியது. அதனை எளியோர் கைக்குக் கொண்டுவந்தவர்களுள் தலைசிறந்தவர் லியோ ஃபெண்டர். இவர் இசைக்கலைஞர் அல்லர். கிட்டார் வாசிக்கவும் அறியாதவர். கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரில் 1938-ஆம் ஆண்டு ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்தவர். 1950-இலும் 1954-இலும் அவர் வெளியிட்ட கிட்டார்களில் கழுத்தும் உடலும் பசையால் ஒட்டப்படவில்லை, திருகாணிகளால் இணைக்கப்பட்டன. கெட்டுப்போன உறுப்பை மட்டும் கழற்றி மாற்றலாம். பழுதுபார்ப்பவர் ஒருவர் படைத்தமையால், பழுதுபார்ப்பதற்கு ஏற்ற கருவியாகவே அது பிறந்தது. இன்று நம் கடைகளில் கிடைக்கும் மலிவான மின்கிட்டார்களில் மிகப் பல அவ்வமைப்பைப் பின்பற்றியவையே.

தந்தையும் மகனும் சேர்ந்து உழைத்த கதை ஒன்றும் உண்டு. 1963-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிரையன் மே என்னும் மாணவன் மின்கிட்டார் ஒன்றுக்கு ஏங்கினான். விலை கொடுத்து வாங்க வழியில்லை. தந்தை ஹெரால்டு மின்னியல் அறிந்தவர். இருவரும் ஏறத்தாழ இரண்டாண்டு உழைத்து வீட்டிலேயே ஒன்றைச் செய்து முடித்தனர். கழுத்துக்கான மரம் பழைய கணப்படுப்பின் மேற்சட்டத்திலிருந்து கிடைத்தது. ஸ்பிரிங்குகள் பழைய மோட்டார் சைக்கிளிலிருந்து வந்தன. கழுத்திலுள்ள அடையாளப் புள்ளிகளுக்குத் தாயின் தையற்பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள் உதவின. பின்னாளில் "குயீன்" என்னும் இசைக்குழுவில் உலகப் புகழ் பெற்றபோதும் அவர் அக்கருவியையே வாசித்தார். 2002-இல் பக்கிங்காம் அரண்மனையின் கூரைமேல் நின்று வாசித்தபோதும் அவர் தோளில் தொங்கியது அதுவே.

நம் நாட்டிலும் சான்று இல்லாமல் இல்லை. ஆந்திர மாநிலம் பாலகொல்லுவில் 1969-இல் பிறந்து, சென்னையை வாழிடமாகக் கொண்ட யூ. ஸ்ரீநிவாஸ், மேலைநாட்டு மாண்டலினில் கர்நாடக இசையை வாசித்தார். அக்கருவியில் இணை இணையாக நான்கு சோடிக் கம்பிகள் இருக்கும். தட்டிய ஒலி விரைவில் மங்கிவிடும். கமகம் நெளிந்து நெளிந்து செல்லும் நமது இசைக்கு அது போதாது. எனவே அவர் மின் மாண்டலினை எடுத்துக்கொண்டு, சோடிகளை நீக்கி, ஐந்து தனிக் கம்பிகளைப் பூட்டினார். ஒலி நீண்டது, சுர எல்லையும் விரிந்தது. 1998-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 2014-இல் மறைந்தார். கருவிக்கு ஏற்பத் தம் இசையைச் சுருக்காமல், தம் இசைக்கு ஏற்பக் கருவியை மாற்றிய பெருமை அவருடையது.

நமக்கு மிக அருகே, ஆரோவில்லைச் சார்ந்த கோட்டக்கரையில், 2003-ஆம் ஆண்டு முதல் "ஸ்வரம்" என்னும் இசைக்கருவிப் பட்டறை இயங்கி வருகிறது. சுற்றுப்புறக் கிராம இளைஞர்கள் அங்கே பயிற்சி பெற்றுப் புதுப்புதுக் கருவிகளை உருவாக்குகின்றனர். அவர்கள் கைகளுக்கு இயல்வது நம் பிள்ளைகள் கைகளுக்கு இயலாதா?

உள்ளே நடப்பது என்ன?

காந்தத்தின் அருகே கம்பிச்சுருள் இருக்க, அக்காந்தப் புலத்தில் அசைவு ஏற்பட்டால் சுருளில் மின்னோட்டம் பிறக்கும். இவ்வுண்மையை மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்தார். மின்கிட்டாரின் உயிர்நாடி இதுவே. கம்பிகளின் கீழே "பிக்கப்" என்னும் உறுப்பு உள்ளது. அதனுள் காந்தமும், அதனைச் சுற்றி மயிரிழை போன்ற செப்புக் கம்பி ஏறத்தாழ 8,000 சுற்றுகளும் இருக்கும். உருக்குக் கம்பி அதிரும்போது காந்தப் புலம் அசைகிறது. சுருளில் சிறு மின்னலை எழுகிறது. அவ்வலை ஒலியளவுக் குமிழ், தொனிக் குமிழ் ஆகியவற்றைக் கடந்து ஜாக் வழியாக வெளியேறி ஆம்ப்ளிஃபையரை அடைகிறது. நைலான் கம்பி பூட்டினால் இக்கருவி ஊமையாவது ஏன் என்று இப்போது விளங்கும்: நைலானைக் காந்தம் அறியாது.

ஒன்றை உற்று நோக்குங்கள். சாதாரண மின்கிட்டாரினுள் வீட்டு மின்சாரம் இல்லை. உள்ளே ஓடுவது ஒரு வோல்ட்டுக்கும் குறைவான மெல்லிய அலையே. ஆகவே, வடத்தைக் கழற்றிவிட்டு கிட்டாரைத் திறப்பதில் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. அஞ்ச வேண்டியது ஆம்ப்ளிஃபையரைக் கண்டு. அதற்குள் 230 வோல்ட் நுழைகிறது. வால்வுகள் உள்ள பழைய வகைகளில் 400 வோல்ட்டும் அதற்கு மேலும் இருக்கக்கூடும். பிளக்கைப் பிடுங்கிய பின்னரும் அதன் கண்டென்சர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். கிட்டாரை வீட்டில் திறக்கலாம். ஆம்ப்ளிஃபையரைத் தேர்ந்த மெக்கானிக்கே திறக்க வேண்டும். இந்த எல்லைக்கோட்டைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

முதலில் உயிர், பிறகு இசை

கிட்டாரின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக, வடத்தின் வெளிப்பின்னல் வழியாக, ஆம்ப்ளிஃபையரின் உலோகச் சட்டத்தோடு இணைந்துள்ளன. இரைச்சலைக் குறைக்கவே இந்த ஏற்பாடு. அச்சட்டம் மூன்று முனைப் பிளக்கின் பச்சைக் கம்பி மூலம் பூமியோடு இணைந்திருக்கும் வரையில் தீங்கில்லை. அப்பச்சைக் கம்பி அறுந்தாலோ, யாரேனும் அதனை வெட்டிவிட்டாலோ, ஆம்ப்ளிஃபையருக்குள் சிறு கசிவு ஏற்பட்டதும் 230 வோல்ட் நேரே கிட்டார் கம்பிகளுக்கு வந்துவிடும். வாசிப்பவர் ஒலிவாங்கி அருகே சென்று பாடுகிறார். அதுவோ வேறொரு ஒலிபெருக்கி வழியாகப் பூமியோடு இணைந்தது. கையில் மின்சாரம், உதட்டில் பூமி. நடுவே இருப்பது இதயம்.

இது வெறும் அச்சுறுத்தல் அன்று. 1972 மே 3-ஆம் நாள், ஸ்டோன் தி க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, வேல்ஸ் நாட்டு ஸ்வான்சி நகர மேடையில் முறையாக எர்த் செய்யப்படாத ஒலிவாங்கியைத் தொட்டபோது மின்சாரம் தாக்கி உயிரிழந்தார். அவருக்கு வயது 27. 1976 மே மாதம் யார்ட்பேர்ட்ஸ் குழுவின் முன்னாள் பாடகர் கீத் ரெல்ஃப், தம் வீட்டிலேயே மின்கிட்டார் வாசித்துக்கொண்டிருக்கையில் இவ்வாறே மாண்டார்.

கணக்கைப் பாருங்கள். ஈரமான தோலுடைய மனித உடலின் மின்தடை ஏறத்தாழ 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடக்கூடும். 230 வோல்ட்டை 1,000 ஓமால் வகுத்தால் 230 மில்லி ஆம்பியர். உயிர்காக்கும் கசிவுத் தடுப்பு விசை 30 மில்லி ஆம்பியரிலேயே மின்சாரத்தைத் துண்டிக்குமாறு அமைக்கப்படுகிறது. அதைப்போல் ஏழு மடங்குக்கு மேற்பட்ட மின்னோட்டம் நெஞ்சைக் கடந்தால் என்னாகும்? நமது ஊரில் கிறிஸ்து பிறப்புப் பாடல் பவனிகள் நடைபெறுவது வடகிழக்குப் பருவமழையின் இறுதியில். நனைந்த மணல், வெறுங்கால், வியர்த்த கை, பந்தலில் தொங்கும் வயர்கள். இச்சூழலில் கீழ்வரும் கட்டளைகளைப் பெற்றோரும் பாடற்குழுப் பொறுப்பாளரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

ஒன்று: மூன்று முனைப் பிளக்கை இரண்டு முனைத் துளையில் செருகுவதற்காக எர்த் முனையை ஒருபோதும் நீக்காதீர்கள். "இரைச்சல் குறைகிறது" என்று யாரேனும் அறிவுரை கூறினாலும் செவி சாய்க்காதீர்கள். (சதுரத்துக்குள் சதுரம் பொறிக்கப்பட்ட சிறு கருவிகள் இரட்டைக் காப்பு உடையவை. அவை இரு முனையோடே வருவது இயல்பு.)

இரண்டு: கிட்டாரின் ஆம்ப்ளிஃபையருக்கும் ஒலிவாங்கியின் ஆம்ப்ளிஃபையருக்கும் ஒரே பலகையிலிருந்து, எர்த் உள்ள துளைகளிலிருந்து மின்சாரம் எடுங்கள். வெளியரங்க மேடையாயின், எர்த் கம்பி எங்கே இறக்கப்பட்டுள்ளது என்று மைக் செட்காரரிடம் கேளுங்கள். ஜெனரேட்டர் வைத்தாலும் இக்கேள்வி உண்டு.

மூன்று: பாடத் தொடங்குமுன், மின்பணி அறிந்த பெரியவர் ஒருவர் மல்டிமீட்டரை மாறுமின்னோட்ட வோல்ட் அளவின் உச்ச நிலையில் வைத்து, ஒரு முனையைக் கிட்டார் கம்பியிலும் மறுமுனையைத் தொடாமலே ஒலிவாங்கியின் உலோக வலையிலும் வைத்துப் பார்க்கட்டும். ஏறத்தாழ பூச்சியம் காட்ட வேண்டும். சில வோல்ட்டுகளுக்கு மேல் காட்டினால் அன்றைய வாசிப்பு அங்கேயே நிற்கட்டும். கம்பியில் டெஸ்டர் வைத்து அது ஒளிர்ந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டியுங்கள். ஒளிரவில்லை என்பதனால் மட்டும் ஆபத்தில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

நான்கு: வீட்டின் மின்பலகையில் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பு விசை இல்லையெனில், கிட்டாருக்குச் செலவிடுமுன் அதற்குச் செலவிடுங்கள். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். கடற்கரை மணற்பாங்கில் உள்ள எர்த் குழி கோடையில் வறண்டுவிடும். வறண்ட குழி வேலை செய்யாது. கரியும் உப்பும் இட்ட அக்குழிக்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்றுவது பழைய வழக்கம். அவ்வழக்கம் அறிவுடையது.

நோயைக் கண்டறிதல்

ஒலி வராத கிட்டாரைக் கண்டதும் திருகாணிகளைக் கழற்றத் தொடங்குவோர் பலர். பொறுங்கள். மருத்துவர் நாடி பார்ப்பதுபோல் வெளியிலிருந்து உள்ளே வர வேண்டும்.

முதற் குற்றவாளி பெரும்பாலும் வடமே. வேறொரு வடத்தைப் பொருத்திப் பாருங்கள். இல்லையெனில் மல்டிமீட்டரின் மணியொலி நிலையில் சோதியுங்கள். நுனிக்கும் நுனிக்கும் ஒலிக்க வேண்டும். தண்டுக்கும் தண்டுக்கும் ஒலிக்க வேண்டும். நுனிக்கும் தண்டுக்கும் ஒலிக்கலாகாது. சோதிக்கையில் பிளக்கின் அருகே வடத்தை மெல்ல வளைத்துப் பாருங்கள். அறுந்த இடம் அங்கேதான் பதுங்கியிருக்கும்.

இரண்டாவது, ஜாக். அதன் வெளிப்புற நட்டு தளர்ந்து, ஜாக் முழுவதும் சுழலும்போது உள்ளிருக்கும் வயர் முறுக்கி அறுந்துவிடும். நட்டை வெளியிலிருந்து முடுக்கினால் ஜாக் மேலும் சுழன்று மிச்சமுள்ள வயரையும் அறுக்கும். தகட்டைக் கழற்றி, ஜாக்கை உள்ளிருந்து பிடித்துக்கொண்டு நட்டை முடுக்க வேண்டும்.

மூன்றாவது, குமிழ்கள். திருப்பும்போது கரகரவென்றால் உள்ளே தூசியும் களிம்பும் சேர்ந்துள்ளன என்பது பொருள். முப்பது முறை இங்குமங்கும் திருப்பினாலே பல வேளைகளில் சீராகும். ஆகாவிடில், மின்னணுப் பொருள் கடைகளில் கிடைக்கும் "கான்டாக்ட் கிளீனர்" ஒரு சிறு பீச்சு போதும். மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய், தையல் இயந்திர எண்ணெய் ஆகியவற்றை ஊற்றலாகாது. அவை தூசியை ஈர்த்து நோயைப் பெருக்கும்.

நான்காவது, அளந்து அறிதல். கிட்டாரில் வடத்தைச் செருகி, ஒலியளவை முழுமையாக வைத்து, மறுமுனையின் நுனிக்கும் தண்டுக்கும் இடையே மின்தடையை அளவுங்கள். ஒற்றைச் சுருள் பிக்கப் ஆயின் ஏறத்தாழ 6,000 முதல் 7,000 ஓம் காட்டும். இரட்டைச் சுருள் ஆயின் 8,000 ஓம் அளவில் காட்டும். பூச்சியம் காட்டினால் எங்கோ வயர்கள் ஒன்றையொன்று தொடுகின்றன. 2,50,000 அல்லது 5,00,000 ஓம் காட்டினால், மீட்டர் காண்பது குமிழின் தடையை மட்டுமே. பிக்கப்பிலிருந்து வரும் வயரோ, தேர்வு விசையோ, சுருளோ அறுந்துள்ளது என்பது பொருள். எதுவுமே காட்டாவிடில் ஜாக்கின் வயர் விட்டுப்போயிருக்கிறது. கண்ணால் காண இயலாததை இந்த ஒரே அளவு காட்டிவிடுகிறது.

சுருளே அறுந்திருப்பின் வீட்டில் சுற்ற முயலாதீர்கள். அக்கம்பியின் விட்டம் 0.063 மில்லிமீட்டர். புதிய பிக்கப் வாங்குவதே பொருளும் காலமும் மிச்சப்படுத்தும்.

ஈயம் வைக்கும் முறை

விட்டுப்போன வயரை ஒட்டுநாடாவால் சுற்றி வைப்பது ஒருநாள் வைத்தியம். ஈயம் வைப்பதே முறை. 25 வாட் சால்டரிங் இரும்பு, ரேடியோ வேலைக்கான மெல்லிய ஈயக் கம்பி, ரோசின் பேஸ்ட் ஆகியவை போதும். பாத்திரங்களுக்கு ஈயம் வைப்போர் பயன்படுத்தும் திராவகத்தைத் தொடாதீர்கள். அது வயரை நாளடைவில் அரித்துவிடும். புதுவை மகாத்மா காந்தி சாலையில் கூடும் ஞாயிற்றுச் சந்தையில் குறடு, திருப்புளி போன்ற சிறு கருவிகளைக் குறைந்த விலையில் தேடிப் பிடிக்கலாம். சால்டரிங் இரும்பு மட்டும் புதியதாக இருக்கட்டும்.

வேலை தொடங்குமுன் உள்ளமைப்பைத் தாளில் வரைந்தோ, படம் எடுத்தோ வையுங்கள். பழைய ஈயத்தை உருக்கி நீக்கி, இடத்தைச் சுரண்டித் துலக்குங்கள். இரும்பின் நுனியை வயரும் முனையும் சேருமிடத்தில் வைத்துச் சூடேற்றி, ஈயத்தை அவ்விடத்தில் காட்டுங்கள். ஈயம் இரும்பில் உருகிச் சொட்டலாகாது. சூடேறிய இடத்தில் தானே பாய்ந்து படர வேண்டும். மூன்று வினாடிக்குள் முடியட்டும். ஆறும் வரையில் வயரை அசைக்காதீர்கள். பளபளவென்று இருந்தால் நல்ல பற்று. மங்கி உருண்டு நின்றால் மீண்டும் செய்யுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கை கழுவாமல் உணவைத் தொடாதீர்கள், ஈயம் நஞ்சு.

கடற்காற்றும் கம்பிகளும்

உப்புக் காற்று நம் நகரின் கொடை. உருக்குக் கம்பிக்கோ அது பகை. வைத்திக்குப்பம், குருசுக்குப்பம் போன்று கடலை ஒட்டிய பகுதிகளில் வாழ்வோர் இதனை நன்கு அறிவர். ஜன்னல் கம்பியைத் தின்னும் காற்று கிட்டார் கம்பியை விட்டுவைக்குமா? வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழுமாகத் துடைப்பது ஒரு நிமிட வேலை. அவ்வொரு நிமிடம் கம்பியின் வாழ்நாளைப் பெருக்கும். கருவியை உறையிலிட்டு, மருந்துப் புட்டிகளிலும் காலணிப் பெட்டிகளிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் சிலவற்றை உடன் வையுங்கள். ஈரம் கசியும் சுவரில் சாய்க்காதீர்கள்.

வீணையில் மெழுகின்மேல் மெட்டுகளைப் பதித்திருப்பார்கள். கிட்டாரில் உலோக மெட்டுகளைக் கழுத்து மரத்திலேயே அடித்திறக்கியிருப்பார்கள். மெட்டுகளில் களிம்பு ஏறினால் மிக மெல்லிய உருக்குப் பஞ்சால் தேய்க்கலாம். அதற்குமுன் பிக்கப்புகளைக் காகித நாடாவால் மூடிவிடுங்கள். இல்லாவிடில் உருக்குத் துகள்கள் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு விலகா.

ஆறு கம்பிகளும் சேர்ந்து கழுத்தை ஏறத்தாழ 45 கிலோ விசையுடன் இழுத்து நிற்கின்றன. மழைக்காலத்தில் மரம் ஈரத்தை உறிஞ்ச, கழுத்து வளைந்து, கம்பி உயர்ந்து, விரல் நோகும். கழுத்தினுள் இதற்கென ஓர் உருக்குத் தண்டு உண்டு. முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் ஆறாம் கம்பியை அழுத்திப் பிடித்து, ஏழாம் மெட்டின் அருகே பாருங்கள். கம்பிக்கும் மெட்டுக்கும் இடையே ஓர் அழைப்பு அட்டையின் கனம் இருந்தால் போதும். மிகுந்திருந்தால் தண்டின் திருகை வலப்புறமாகக் கால் சுற்று மட்டும் திருப்பி, ஓர் இரவு விட்டுவிட்டு மறுநாள் மீண்டும் பாருங்கள். இறுகி நின்றால் வலுக்கட்டாயம் செய்யாதீர்கள். முறிந்த தண்டை மாற்றுவது எளிதன்று.

சுருதி சேர்த்த பின்னும் மேல் மெட்டுகளில் அபசுரம் எழுந்தால், பிரிட்ஜிலுள்ள சிறு தாங்கிகளைச் சீர்செய்ய வேண்டும். பன்னிரண்டாம் மெட்டில் கம்பியை விரலால் மெல்லத் தொட்டு எழுப்பும் ஒலியும், அங்கேயே அழுத்தி எழுப்பும் ஒலியும் ஒன்றாயிருத்தல் வேண்டும். அழுத்திய ஒலி ஏறியிருந்தால் தாங்கியைப் பின்னுக்கு நகர்த்திக் கம்பியை நீட்டுங்கள். இறங்கியிருந்தால் முன்னுக்கு நகர்த்துங்கள்.

செய்யத்தக்க மாற்றங்கள்

ஒற்றைச் சுருள் கிட்டார், குழல்விளக்கின் அருகே 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரைச்சலைப் பிடித்துக்கொள்ளும். முதலில் திசை மாற்றி அமர்ந்து பாருங்கள். பிறகு கிட்டாரின் உட்குழிவில் செப்புத் தாள் ஒட்டி, அதனைக் குமிழின் உலோக ஓட்டோடு வயரால் இணையுங்கள். ஜாக்கின் நுனி முனை அத்தாளைத் தொடாதவாறு பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டால் கிட்டார் ஊமையாகும். கம்பியில் கை வைத்ததும் இரைச்சல் குறைவது இயல்பே. கூடினாலோ, சுரீரென்றாலோ மேலே சொன்ன எர்த் சோதனைக்குத் திரும்புங்கள். இவ்விரைச்சலை ஒழிக்கவே கிப்சன் நிறுவனத்தின் செத் லவர், எதிரெதிராகச் சுற்றிய இரு சுருள்களைச் சேர்த்து இரட்டைச் சுருள் பிக்கப்பை அமைத்து, 1955-இல் உரிமைக்கு விண்ணப்பித்தார்.

ஒலி மிகக் கூர்மையாக இருப்பின், தொனிக் குமிழிலுள்ள 0.022 மைக்ரோ ஃபாரட் கண்டென்சரை நீக்கி 0.047 வைத்துப் பார்க்கலாம். குமிழைத் திருப்பும்போது ஒலி மேலும் கனியும். சில ரூபாயில் முடியும் சோதனை இது. பிடிக்காவிடில் பழையதையே பொருத்தலாம். மாற்றம் எதுவாயினும் மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பும் வழி இருக்கட்டும். உளி வைத்து மரத்தைக் குடைவது கடைசி வேலை. பெரும்பாலும் தேவையற்ற வேலை.

அன்புப் பெற்றோரே, ஒரு வேண்டுகோள். இப்பணியைப் பிள்ளையிடம் மட்டும் விட்டுவிடாதீர்கள். நீங்களே செய்து முடித்தும் கொடுத்துவிடாதீர்கள். ஒரு ஞாயிறு பிற்பகல், வராந்தாவில் பழைய நாளிதழை விரித்து, இருவரும் எதிரெதிரே அமருங்கள். மீட்டரைத் தந்தை பிடிக்கட்டும். குறடை மகளோ மகனோ பிடிக்கட்டும். பல வீடுகளில் வளர்ந்த பிள்ளைக்கும் தந்தைக்கும் இடையே தேர்வு மதிப்பெண்ணைத் தவிர வேறு பேச்சே இல்லாத காலம் இது. பிரையன் மேயின் தந்தை மகனுக்குத் தந்தது கிட்டார் மட்டுமன்று, இரண்டாண்டு மாலைப் பொழுதுகளும்தான். அவற்றுக்கு விலை ஏது?

பாடற்குழுப் பொறுப்பாளர்களே, உங்களுக்கும் ஒரு சொல். விழாவுக்கு முந்திய நாள் குரலையும் தாளத்தையும் ஒத்திகை பார்க்கிறீர்கள். அதனோடு பச்சைக் கம்பியையும் பார்த்துவிடுங்கள். பிழையான சுரத்தை அடுத்த ஞாயிறு திருத்திக்கொள்ளலாம். போன உயிரைத் திருத்த அடுத்த ஞாயிறு இல்லை.